மேசைக்கு அடியில் வைத்த அட்டை

இசைத்தட்டு போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் மேசை மட்டமாக இருக்கிறதா என்று கை தானாகப் பார்த்துவிடும். தட்டண்ணன் சாப்பாட்டுக்கடைக்குப் போனால் உட்காருமுன் மேசை மூலையை அழுத்துவார். ஆடினால் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, குனிந்து, காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பார். அவர் மனைவிக்கு மானம் போகும். ஊரில் இருக்கிற மேசைக்கெல்லாம் நீங்கதான் வைத்தியரா என்று பல்லைக் கடிப்பார். தட்டண்ணன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அடுத்த கடையிலும் குனிவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. முப்பது வருடம் ஒரே டிஸ்கோ மண்டபத்தில் தட்டுப் போட்டவரை ஊர் 'தட்டண்ணன்' என்றுதான் கூப்பிட்டது. அறுபத்தாறு வயதிலும் அண்ணன்தான், மாமா ஆகவே இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் மண்டபத்தின் பெரிய முதலாளி இறந்து, மகன் பொறுப்புக்கு வந்ததும், மடிக்கணினி வைத்துப் பாட்டுப் போடுகிறவர்கள் வந்தார்கள். தட்டண்ணன் தன் இரண்டாயிரத்துச் சொச்சம் தட்டுகளோடு வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். அந்த அறையில் மனிதர் உட்கார இடமில்லை. விருந்தாளி வந்தால் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போக வேண்டும்.

பழைய ஆட்டப் பாட்டு என்றால் அவருக்கு உயிர். வானொலிக்காக மூன்று நிமிடத்தில் வெட்டிக் கொடுத்த பாட்டை அவர் பாட்டாகவே மதிக்க மாட்டார். ஆடுகிறவர்களுக்கென்றே பெரிய தட்டில், அகலமான பள்ளங்களில், எட்டு நிமிடம் ஒன்பது நிமிடம் ஓடுகிற நீளப் பதிப்பு இருக்கிறதே, அதுதான் பாட்டு. முதலில் டிரம் மட்டும். பிறகு பேஸ் கிட்டார் உள்ளே வரும், கைதட்டல் சேரும், அப்புறம் இருபது முப்பது வயலின்கள் ஒரே மூச்சில் எழும். அந்த டிரம்மை அடித்தது மனிதர், இயந்திரமில்லை. நடுவில் உற்சாகம் வந்தால் கொஞ்சம் வேகம் பிடிப்பார், பிறகு சுதாரித்துக்கொள்வார். எந்தத் தட்டில் அது எந்த இடத்தில் வரும் என்று தட்டண்ணனுக்கு மனப்பாடம். 'இந்த எடத்துல மனுஷனுக்குக் கை வலிச்சிருக்கு' என்பார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

இப்படிப்பட்டவரிடம் சின்ன முதலாளி ஒரு நாள் போனில் பேசி, பழைய ஆட்கள் நச்சரிக்கிறார்கள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை, முழுக்க முழுக்க இசைத்தட்டிலேயே ஆட்டம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். தட்டண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நன்றாகப் போனால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவருக்கு. சொதப்பினால் தட்டைச் சுழற்றுகிற மண்டபத்தின் பழைய டர்ன்டேபிள் இரண்டையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, இந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். சின்ன முதலாளிக்கு இதில் அரை மனசுதான். எதையாவது சாக்கு வைத்து நிறுத்திவிடுவார் என்று தட்டண்ணனுக்குத் தெரியும். அதனால் திங்கட்கிழமையே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

மண்டபம் முதல் மாடியில். பலகைத் தரை, நடுவில் தூண் கிடையாது, கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரே ஒரு படிக்கட்டு. கீழே முன்பு சரக்கு வைத்திருந்த கிடங்கு. அதைக் கட்டட உரிமையாளர் இப்போது கண்ணாடி முகப்பு வைத்த ஷோரூமாக மாற்றிக்கொண்டிருந்தார். கிடங்கின் நடுச்சுவரை எடுத்துவிட்டு இரும்புப் பீம் போடப் போகிறார்களாம். பீம் அடுத்த திங்கட்கிழமை வரும். அதுவரை மேல்தளத்தைத் தாங்க இரும்பு முட்டுகள். தட்டண்ணன் இடிபாட்டு மூட்டைகளைத் தாண்டித்தான் தன் தட்டுப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினார்.

டர்ன்டேபிள் மேசையின் மேல் ரசமட்டத்தை வைத்தார். ரசமட்டம் என்றால் கொத்தனார் கையில் இருக்குமே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி, அதேதான். இது உள்ளங்கை அளவு. குமிழி நடுவில் நின்றால் மேசை மட்டம். இல்லாவிட்டால் முள் ஒரு பக்கமாக நழுவும், பாட்டு தாவும், தட்டும் கெடும். திங்கட்கிழமை குமிழி அச்சாக நடுவில் நின்றது.

புதன்கிழமை காலை அது நடுவில் இல்லை.

ஒரு நூல் அளவு விலகியிருந்தது. மேசை ஆடுதளத்தின் நடுப்பக்கமாகத் தாழ்ந்திருந்தது. தட்டண்ணன் 'ச்சே' என்றார், ஒரு தட்டு உறையிலிருந்து அட்டையைக் கிழித்து மடித்து முன்காலுக்கடியில் வைத்தார். குமிழி நடுவுக்கு வந்தது. வேலை முடிந்தது என்று பாட்டுப் போட உட்கார்ந்துவிட்டார். மேசை ஏன் சாய்ந்தது என்று யோசிக்க வேண்டியவர், சாய்ந்த மேசையைச் சரிசெய்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். நாற்பது வருடப் பழக்கம் அப்படி.

வியாழக்கிழமையும் விலகியிருந்தது. இரண்டாவது அட்டை.

அன்றைக்குத்தான் கீழே சுவரை எடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரியோடு பழக்கம் ஆனது. அது நடந்த விதம் வேடிக்கை. நிற்கிற தட்டின் மேல் முள்ளை வைத்து ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினால் கட்டடமே பேசும். தெருவில் லாரி போவது கேட்கும், யாராவது படியேறுவது கேட்கும். ஒரு டர்ன்டேபிளில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, தட்டண்ணன் அடுத்த பாட்டுக்கு முள்ளை வைத்துக் காது கொடுத்தார். கீழேயிருந்து டொக், டொக் என்று யாரோ தாளம் போட்டார்கள். அச்சுப் பிசகாத தாளம். டிரம் வேகம் பிடித்த இடத்தில் அந்த டொக்கும் கூடவே வேகம் பிடித்தது. தட்டண்ணன் சிரித்துவிட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தால், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சுத்தியல் பிடியால் முட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

பிடித்துப்போய்விட்டது இருவருக்கும். மேஸ்திரி சிறு வயதில் வேறு ஊரில் இதே பாட்டுகளுக்கு ஆடியவராம். ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் வர மாட்டார்கள், ஆனாலும் தான் வரப்போவதாகச் சொன்னார். முட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், கீழே உட்கார்ந்து பாட்டும் கேட்டது போல இருக்கும் என்றார். மேலே வந்து ஆடுங்களேன் என்று தட்டண்ணன் கூப்பிட்டார். இந்தச் செருப்போடும் இந்தச் சட்டையோடுமா என்று மேஸ்திரி வெட்கப்பட்டார்.

பிறகு மாடிக்கு வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பலகையில் காலை ஊன்றி ஊன்றி நடந்தார். மேசையருகே வந்தவருக்கு ரசமட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. குனிந்து அட்டையையும் பார்த்தார்.

"இது எதுக்குண்ணே?"

"கால் தேஞ்சு போச்சு. பழைய மேசைதானே."

"அது இல்லண்ணே, நேராவே கேக்கறேன். நடுச்சுவர்ல பாதியத்தான் எடுத்திருக்கேன். ஓனர் மீதியையும் எடு எடுன்னு உயிரை வாங்கறார். மேல தரை எங்கயாவது இறங்கற மாதிரி தெரிஞ்சா சொல்லிடுங்க. நிறுத்திடறேன். ரெண்டு நாள் லேட்டானா ஒண்ணும் குடி முழுகிடாது."

இரண்டு நாளாகக் குமிழி ஒரே பக்கம் போவது தட்டண்ணனுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மேஸ்திரி வேலையை நிறுத்துவார், உரிமையாளர் சின்ன முதலாளியைக் கூப்பிடுவார், சின்ன முதலாளி இதற்குத்தானே காத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போனால் திரும்பி வராது. பதினோரு வருடம் முன்னறையில் சுவரைப் பார்த்துப் பாட்டுப் போட்டவர் அவர். வாய்வரை வந்ததை மென்று விழுங்கினார்.

"ஒண்ணும் இறங்கலை மேஸ்திரி. மேசைக்காலுதான்" என்றார்.

மேஸ்திரி நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். தொழில்காரன் சொன்னால் தொழில்காரன் நம்புவான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் மீதிச் சுவரும் தெருவுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது அட்டை. சனிக்கிழமை நாலாவது. வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டதற்கு, கூட்டம் வருமோ வராதோ என்று பயமாக இருக்கிறது என்றார். மனைவி அதை நம்பினார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வருடமாக அந்த அம்மாள் ஆடவில்லை. அன்று இரவு அலமாரியிலிருந்து பழைய செருப்பை எடுத்துத் துடைத்து வைத்தார், இந்த மனுஷன் கையால் போடுகிற பாட்டுக்கு ஒரு தடவையாவது ஆடாமல் போக மாட்டேன் என்றார். தட்டண்ணனுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஐந்தாவது அட்டையை வைத்தார். இன்று ஒரு நாள், நாலே மணி நேரம், நாளைக்குப் பீம் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கூட்டம் வந்தது. வந்தது என்று சும்மா சொன்னால் போதாது, குவிந்தது. நூற்றெண்பது பேருக்குக் குறையாது. அந்தக் காலத்தில் ஜோடியாக வந்தவர்கள் இன்றைக்கு மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடுப்பு வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், மண்டையில் முடியில்லாதவர்கள், எல்லோரும் முதல் பேஸ் கிட்டார் விழுந்ததும் இருபது வயது குறைந்து நின்றார்கள். தட்டண்ணன் ஒரு பாட்டின் வாலை இன்னொரு பாட்டின் தலையோடு சேர்த்த இடம் யாருக்கும் தெரியவில்லை. சின்ன முதலாளிகூட அலுவலக அறைக் கதவில் சாய்ந்து ஒரு நிமிடம் காலாட்டிவிட்டு உள்ளே போனார். தட்டண்ணன் அந்த ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் மறந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மறந்தது மறந்ததுதான்.

ஐந்தேகால் மணிக்கு அவர் எடுத்த தட்டுக்கு அந்த மண்டபத்தில் 'குதிப்பு' என்று பெயர். ஒன்பது நிமிடப் பாட்டு. ஆறாவது நிமிடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும், நாலு எண்ணிக்கை மௌனம், ஐந்தாவதில் டிரம் விழும். அந்த ஐந்தாவதில் மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒன்றாக எகிறிக் குதிக்க வேண்டும். அப்படித்தான் எப்போதும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாட்டைப் போட்டதுமே கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் மனைவி ஆடுதளத்தின் நட்டநடுவில் நின்று கையைத் தூக்கி ஆட்டினார்.

தட்டண்ணன் அடுத்த தட்டின் மேல் முள்ளை இறக்கி ஹெட்போனைக் காதில் வைத்தார்.

டொக்.

மேஸ்திரி தாளம் போடுகிறார் என்று நினைத்தார். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. டொக், டொக், கொஞ்சம் இடைவெளி, டொக். சிரிப்பு அடங்கியது. தாளத்தில் இல்லை. டிரம் ஓர் இடத்தில் விழுகிறது, டொக் வேறு இடத்தில் விழுகிறது. குடித்திருந்தால்கூட மேஸ்திரிக்கு இப்படிப் பிசகாது. இது பாட்டுக்கு அடிக்கிற அடியே இல்லை. அவசர அடி. ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஏதோ முனகுகிற சத்தம் நீளமாகக் கேட்டது.

ரசமட்டத்தைப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன் நடுவில் நிறுத்திய குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு நாலாவது நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் நூற்றெண்பது பேர் ஒன்றாகக் குதிப்பார்கள். கத்தினால் எல்லோரும் ஒரே படிக்கட்டுக்கு ஓடுவார்கள், அந்த ஓட்டமே போதும். பாட்டைப் படக்கென்று நிறுத்தினாலும் ஆபத்து. தட்டு நின்றால் இந்தக் கூட்டம் பாட்டு வரும்வரை தரையை மிதிக்கும், அதுவும் அங்கே ஒரு வழக்கம்.

முப்பது வருடத்தில் அவர் ஒரு தடவைகூட ஆடுதளத்தைக் காலியாக்கியதில்லை. காலியான தளம் தட்டுப் போடுகிறவனுக்குச் செருப்படி. எந்தப் பாட்டைப் போட்டால் கூட்டம் கலையும் என்பது ஒவ்வொருவனுக்கும் தெரியும், போட்டுவிடக் கூடாதே என்பதற்காகத் தெரிந்துவைத்திருப்பான். தட்டண்ணன் தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டையை மெல்லக் கீழே இறக்கினார். பாட்டு தளர்ந்தது. கால்கள் தடுமாறின. மௌனம் வருமுன் அதன் மேல் ஒரு தாலாட்டு மாதிரியான மெதுப்பாட்டைக் கலந்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. நாலைந்து பேர் கட்டிப்பிடித்து அசைந்தார்கள். அதையும் எடுத்துவிட்டு, நடனம் கற்றுக்கொடுக்கிற ஒரு பழைய பாடத் தட்டைப் போட்டார். அதில் ஒருவர் இழுவைக் குரலில் இடது கால், வலது கால் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். அவ்வளவுதான். ஜனங்கள் சிரித்தும் திட்டியும் சுவரோரம் ஒதுங்கினார்கள். தட்டண்ணனுக்கு வயசாகிவிட்டது என்று ஒருவர் உரக்கவே சொன்னார். அவர் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் தளத்தின் நடு காலியாகிவிட்டது.

மனைவி விறுவிறுவென்று மேசைக்கு வந்தார்.

"என்னங்க, பைத்தியமா பிடிச்சிருக்கு? எவ்வளவு நல்லாப் போயிட்டிருந்துச்சு."

"தரை இறங்குது. எல்லாரும் கீழ போகணும். ஓடக் கூடாது, நடந்து போகணும். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். ரசமட்டமும் குமிழியும் அவருக்குப் புரியாது. ஆனால் இந்த மனுஷன் தன் கையால் ஆடுதளத்தைக் காலியாக்கினார் என்றால் அது விளையாட்டுக்கு இல்லை என்பது புரிந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இவருக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, தயவுசெய்து எல்லோரும் சுவரோரமாக மெதுவாகக் கீழே இறங்கி வழி விடுங்கள், சத்தம் போட்டால் அவருக்கு ஆகாது என்றார். துளிகூடக் குரல் நடுங்கவில்லை. திட்டியவர்கள் முகம் செத்துப்போனது. நூற்றெண்பது பேரும் நோயாளி தூங்குகிற வீட்டில் நடப்பது போல நடந்து இறங்கினார்கள். பாடத் தட்டு அவர்களுக்குப் பின்னால் இடது கால், வலது கால் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

கடைசியாக இவர்கள் இருவரும். தெருவுக்கு வந்ததும் தட்டண்ணன் மனைவியின் கையை உதறிவிட்டு ஷோரூம் ஷட்டருக்கு ஓடினார். இடுப்பு உயரத்துக்குத் திறந்திருந்தது. குனிந்து பார்த்தார்.

மேஸ்திரி நடுவில் நின்றிருந்தார். இரண்டு முட்டுகள் வில்லாக வளைந்திருந்தன. மூன்றாவதின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் மர ஆப்பை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆப்பு நசுங்க நசுங்க அடுத்ததை அடித்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"எவ்வளவு கத்தினேன்ணே" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "உங்க பாட்டுச் சத்தத்துல யாருக்குக் கேக்கும். விட்டுட்டு மேல ஓடி வந்திருந்தா அதுக்குள்ள எல்லாம் கீழ வந்திருக்கும். எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

தட்டண்ணன் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். மேலே பாட்டு மாறியது. பாடத் தட்டு நின்று, மடிக்கணினியிலிருந்து புதுப் பாட்டு ஒன்று சன்னல் வழியாகத் தெருவுக்குக் கொட்டியது. சின்ன முதலாளி. அலுவலக அறையில் போனில் பேசிக்கொண்டே நெஞ்சு வலிப் பேச்சை அரைகுறையாகக் கேட்டவர் வெளியே வந்து, காலி மண்டபத்தைப் பார்த்து, போன கூட்டத்தைத் திரும்ப இழுக்கப் பார்க்கிறார். தெருவில் நின்றவர்களில் சிலர் படிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தட்டண்ணனின் மனைவி படிவாசலில் போய்க் கையை விரித்து நின்றுகொண்டார்.

"மேல நடக்கற சத்தம் கேக்குதே" என்றார் மேஸ்திரி.

"ஒருத்தர் இருக்கார்."

மேஸ்திரி தரையிலிருந்து இன்னோர் ஆப்பை எடுத்தார்.

தட்டண்ணன் படியேறினார். அறுபத்தாறு வயதில் இரண்டிரண்டு படியாக ஏறினார். கீழே டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிறவரை தரை இருக்கிறது என்று அர்த்தம். சின்ன முதலாளி மடிக்கணினிக்கு முன்னால் நின்றுகொண்டு, நெஞ்சு வலி என்றார்களே, மாரத்தான் ஓடுகிறீர்களே, என் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே என்று ஆரம்பித்தார். தரை இறங்குகிறது என்று தட்டண்ணன் இரைக்க இரைக்கச் சொன்னதற்கு, ஐம்பது வருடக் கட்டடம், இதெல்லாம் உங்கள் மனப்பிராந்தி என்றார். தட்டண்ணனுக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்ல மூச்சு இல்லை. வாழ்க்கையில் அவரை 'தம்பி' என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. "வாடா" என்று சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். சுவரோரமாக இழுத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் பலகைகள் கிரீச்சென்று வாய் பிளந்தன. அதைப் பார்த்த பிறகு சின்ன முதலாளியை இழுக்க வேண்டியிருக்கவில்லை.

இருவரும் தெருவில் விழாத குறையாக வந்து சேர்ந்தார்கள். தட்டண்ணன் ஷட்டரைப் பார்த்துக் கத்தினார். "எறங்கிட்டாங்க மேஸ்திரி. வந்துடுங்க."

டொக் நின்றது. மேஸ்திரி சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வருவது தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து வாசலுக்குப் பத்தடி இருக்கும். ஏழடி வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெருவே பார்த்தது. தூசி அடங்க அரை மணி நேரம் ஆனது. தட்டண்ணன் கையாலேயே செங்கல்லை அள்ளினார், விரல் நகம் பிய்ந்தது தெரியாமல் அள்ளினார். தீயணைப்புக்காரர்கள் வந்து அவரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். மேஸ்திரியை எடுக்க இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. உயிர் இல்லை.

நாலு நாள் கழித்து விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். முன்னறையில் உட்கார இடமில்லாததால் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். நல்ல மனிதர். ஊர் முழுக்கத் தட்டண்ணனைத் தெய்வமாகப் பேசுகிறது, நூற்றெண்பது உயிர் அவர் கையால் பிழைத்தது என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். தப்பெல்லாம் கட்டட உரிமையாளர் மேல்தான் என்றார், அந்த ஆள் கம்பி எண்ணத்தான் போகிறார் என்றார். சுவரை முழுசாக எடுத்த மேஸ்திரியின் பெயரும் அறிக்கையில் வரும், என்ன செய்வது, இறந்தவர், சட்டம் அப்படி என்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"தரை இறங்குதுன்னு உங்களுக்கு முதல்ல எப்ப தெரிஞ்சுது? ஞாயித்துக்கிழமை அஞ்சேகால் மணின்னு போட்டுக்கட்டுமா?"

அடுப்புப் பக்கம் நின்றிருந்த மனைவி, போட்டுக்குங்க சார், அப்பதான் எங்கிட்ட சொன்னார் என்றார். அதிகாரி எழுதக் குனிந்தார்.

"எழுதாதீங்க" என்றார் தட்டண்ணன். "புதன்கிழமை காலையில தெரியும். வியாழக்கிழமை மேஸ்திரி வந்து என்னை நேராக் கேட்டார். இறங்கலைன்னு நான்தான் சொன்னேன். அதை நம்பித்தான் அவர் மீதிச் சுவரை எடுத்தார்."

மனைவி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மெல்லக் கீழே வைத்தார். அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை பாட்டுப் போடணும்னு" என்றார் தட்டண்ணன்.